காந்தளும் குறிஞ்சியும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியரும் 99 வகைப் பூக்களைப் பறித்துக் குவிக்கிறார்கள். அதில் முதல் பூ செங்காந்தள், ஐந்தாவது குறிஞ்சி. இந்த இரண்டும் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று பார்ப்போமா?

காந்தள் நம் தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு என்கிறோமே, அதுதான். மழை விழுந்ததும் வேலியோரத்தில் முளைத்து, இலை நுனியாலேயே பற்றிக்கொண்டு ஏறும். கொடி காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு மறுபடி தலைகாட்டும். இதன் விதையிலிருந்து எடுக்கும் கால்ச்சிசின், 'கௌட்' என்கிற மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அதனால் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் வயலிலேயே பயிரிடுகிறார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா இரண்டிலும் பரவியிருப்பதால், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'கவலை குறைவு' என்ற வரிசையில் இருக்கிறது. ஆனாலும் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தோண்டி எடுத்தால் அந்த இடத்தில் கொடியே இல்லாமல் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: செடி முழுக்க விஷம், கிழங்கு கொடிய விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நீலக்குறிஞ்சி சங்கதியே வேறு. உலகத்திலேயே நம் தென்னிந்திய மலைகளின் உச்சிப் புல்வெளிகளில்தான் உண்டு. 12 வருஷம் காத்திருந்து மலை முழுக்கப் பூக்கும், விதை போடும், செத்துப்போகும். வாழையும் ஒரு தரம்தான் குலை தள்ளும். ஆனால் பக்கத்தில் கன்று விட்டுவிட்டுப் போகும். குறிஞ்சிக்கு விதையை விட்டால் வேறு கதியில்லை. அதன் புல்வெளிகளைத் தேயிலைத் தோட்டமும், யூகலிப்டஸ், சீகை மரத் தோப்புகளும், கட்டடங்களும் பிடித்துக்கொண்டன. 2024-ல் அதே சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று சேர்த்துவிட்டார்கள். இப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் கேரள அரசு 2006-லேயே இடுக்கியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தது.

கொடைக்கானல், மூணாறு பக்கம் 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. குடும்பத்தோடு அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் 'ஒரே ஒரு கொத்துதானே' என்று பறிச்சுக்கிட்டு வராதீங்க. மல்லிகையைப் பறித்தால் நாளைக்கும் பூக்கும். குறிஞ்சிச் செடிக்கு அந்த ஒரு பூப்புதான் வாழ்நாளுக்கும். பறித்த கொத்தில் வரவேண்டிய விதையும் நம்மோடு வந்துவிடும். அந்த விதை அங்கேயே விழுந்தால்தான் 2042-ல் நம் பேரப்பிள்ளைகள் பார்க்க முடியும்.