தட்கல் டிக்கெட்: திணறுவது ஆப் மட்டும்தானா?

காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். தட்கல் திறந்ததும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், நீங்கள் திட்டுவது ஐஆர்சிடிசி ஆப்பைத்தான். ஆனால் உங்களுக்கு பெர்த் ஒதுக்குவது அந்த ஆப் இல்லை.

அப்போ, யார் ஒதுக்குகிறார்கள்?

ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு நடத்தும் பிஆர்எஸ் எனும் முன்பதிவு முறை. 2010-ல் நிறுவப்பட்ட அதன் சர்வர்கள் இட்டானியம் வகையைச் சேர்ந்தவை, இயங்குதளம் ஓபன்விஎம்எஸ். இந்த இயங்குதளத்தின் வேர் 1977 வரை போகிறது.

இவ்வளவு பழையது புதிய மென்பொருளைத் தாங்குமா?

தாங்கும். கவுன்டர்களுக்காக உருவான இந்த முறையின் மேல்தான் 2002-ல் இணையதளம் வந்தது, பிறகு ஆப் வந்தது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. பழசு என்பதாலேயே எதுவும் ஓடாமல் போவதில்லை.

பிறகு என்ன சிக்கல்?

லாகின், தேடல், கட்டணம் போன்றவற்றைத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, கூட்டம் வந்தால் கிளவுடில் சர்வர்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதனால் ஒதுக்கீட்டின் கணக்கு ஓரிடத்தில் கறாராக இருந்தாக வேண்டும். வாசலை எவ்வளவு அகலமாக்கினாலும், உள்ளே கவுன்டர் ஒன்றுதான் என்றால் வரிசை நகராது.

இன்னொன்று வன்பொருள். இட்டானியம் சிப்களை அனுப்புவதை இன்டெல் 2021-லேயே நிறுத்திவிட்டது. ஓபன்விஎம்எஸ் இன்று சாதாரண எக்ஸ்86 சர்வர்களிலும் ஓடும் என்பதால், மென்பொருளை அப்படியே இடம் மாற்றுவதும் ஒரு வழி. ரயில்வே அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வன்பொருள், மென்பொருள் இரண்டையும் மாற்றி, கிளவுடுக்கு ஏற்ற புதிய பிஆர்எஸ்ஸை உருவாக்குகிறது. இலக்கு, நிமிடத்துக்கு 1 லட்சம் டிக்கெட்டுகளுக்கு மேல்.

உங்களுக்கு என்ன லாபம்?

திரை உறைவது குறையலாம். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலில் இருக்கும் பெர்த்துகள் அதே எண்ணிக்கைதான். வேகமான சிஸ்டம் அவற்றை இன்னும் வேகமாகத் தீர்த்துவிடும். யாருக்குக் கிடைக்கிறது என்பதை நியாயமாக்காது. போலிக் கணக்குகளைத் தடுப்பதும் ரயில்களைக் கூட்டுவதும் தனி வேலை. புதிய சிஸ்டம் வரும்போது நிமிடக் கணக்கோடு அதையும் சேர்த்துக் கேளுங்கள்.