இராகுகாலம் திறந்த கதவா?

மில்லர்புரத்துத் துறைமுகத் தொழிலாளி ஒருவர், கல்லூரி பார்க்க மகளை மதுரைக்கு அழைத்துச் சென்றார். மகிழ்ந்தோம். ஆனால், தோழர்களே, இராகுகாலம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் அவளை வாயிலிலேயே நிறுத்திவைத்தாராம்! நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் காண வந்த கண்கள் கடிகாரத்தைக் காவல் காத்தன!

நாம் கேட்கிறோம்: சங்கம் வளர்த்த மாமதுரையில் மகளிர்க்கென முதற்கல்லூரி தோன்றியது 1948இல். அதுவரை அவ்வூருக்கு நல்ல நேரமே வாய்க்கவில்லையா? பஞ்சாங்கத்துக்குப் பஞ்சமா அங்கே?

தொழிலாளி வீட்டுக்குக் கல்லூரிக் கதவு திறந்தது எப்படி? 1951இல், கல்லூரிகளில் வகுப்புவாரி இடப்பங்கீடு செல்லாதென உச்சநீதிமன்றம் உரைத்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அந்தக் கிளர்ச்சிக்கு எந்தச் சோதிடர் நாள் குறித்தார்?

மகளோ, சுவரோரம் நின்றபடியே விண்ணப்பத்தை நிரப்பி முடித்துவிட்டாளாம்.