விளையாடியவள் பேசட்டும்

2015இல் ஆண்கள் ரக்பி உலகக் கோப்பையை பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, முன்னாள் வீரர்களோடு இங்கிலாந்தின் மேகி அல்போன்சியும் ஆட்டத்தை அலசினார். ஆண்கள் சர்வதேச ரக்பிக்குக் கருத்துரைத்த முதல் முன்னாள் வீராங்கனை அவர்தான். ஆண்கள் ஆட்டத்தைப் பற்றிப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. ரக்பியில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. அதே பதினைந்து பேர், அதே 80 நிமிடம், அதே பந்து, அதே விதிகள்.

மேகி ஏழாம் எண் சட்டை அணிந்தவர். அந்த எண்ணுக்குரிய இடத்தில் ஆடுபவரின் வேலை முரட்டு வேலை. எதிராளி பந்தோடு ஓடிவரும்போது இடுப்போடு கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். சாய்ந்தவர் பந்தை உடனே விட்டாக வேண்டும். சாய்த்தவரும் பிடியை விட்டு எழுந்து நின்றால்தான் பந்தில் கை வைக்கலாம். யார் முதலில் எழுந்தார், யார் பந்தை விடாமல் அமுக்கினார் என்பதெல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும். நடுவர் விசில் ஊதியதும், பார்ப்பவருக்கு அது வெறும் ஆள் குவியல். அந்தக் குவியலுக்குள் பல வருடம் கிடந்து எழுந்தவருக்குத்தான் யார் கை எங்கே இருந்தது என்று தெரியும். வர்ணனைக்குத் தேவை இந்த அறிவுதான், குரல் கனம் அல்ல.

மேகி வளைந்த பாதத்தோடு பிறந்தவர். தாய் தனியாளாக லண்டனில் வளர்த்தார். பள்ளியில் அவரை ரக்பி பக்கம் திருப்பியவர் உடற்கல்வி ஆசிரியை லிசா பர்ஜஸ். வேல்ஸ் அணியின் கேப்டனாக இருந்தவர். நானும் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். கணக்குப் பாடத்துக்காக விளையாட்டுப் பீரியடை விட்டுக்கொடுக்கச் சொன்னபோதெல்லாம் வாதாடியிருக்கிறேன். எந்தப் பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பது மைதானத்தில் இறக்கிவிட்டால்தானே தெரியும்?

இங்கிலாந்துக்காக மேகி ஆடியது 74 ஆட்டங்கள். 2006, 2010 உலகக் கோப்பை இறுதி இரண்டிலும் நியூசிலாந்திடம் தோல்வி. 2014இல் பாரிஸில் கனடாவை 21-9 என வென்று கோப்பையைத் தொட்டார்கள். அந்த அணியின் கேப்டன் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முன்வரிசையில் தள்ளிய சோஃபி ஹெமிங் கால்நடை மருத்துவர். இங்கிலாந்துப் பெண்கள் அணிக்கு நிரந்தரமான முழுநேரச் சம்பள ஒப்பந்தம் 2019இல்தான் வந்தது. அதற்குள் மேகி ஓய்வு பெற்றிருந்தார். ஆட்டம் தராத பிழைப்பை ஒலிவாங்கி தந்தது. இதைச் சலுகை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். உடம்பில் வாங்கிய அடியால் சம்பாதித்த தகுதி அது.

மேகிக்குக் கிடைத்த இடம் நம் ஊரிலும் கிடைக்க, தமிழில் கபடி வர்ணனை நடத்தும் தொலைக்காட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடிவிட்டு ஊரில் இருக்கும் நம் கபடி வீராங்கனைகளைத் தேடிப் போங்கள். பயிற்சி கொடுங்கள், உரிய ஊதியம் கொடுங்கள். ஆண்கள் ஆட்டத்துக்கும் அவர்களையே பேச வையுங்கள்.