பிறர் தந்த பொழுது

ஆய்வு வினாக்களுக்கு விடையளிக்க முன்வருபவர், தகவலுக்கு முன்பே தம் பொழுதைத் தந்துவிடுகிறார். பத்து நிமிடங்கள் போதும் எனக் கூறி அரைமணி நேரம் அமர்த்திவைப்பது முறையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும், பங்கேற்கும் கால அளவை ஒப்புதல் படிவத்தில் தெரிவிக்குமாறு வலியுறுத்துகின்றன.

இத்தவறு பெரும்பாலும் வஞ்சகத்தால் நேர்வதில்லை. வினாக்களை வகுத்தவருக்கு அவை மனப்பாடம். விடையளிப்பவருக்கோ ஒவ்வொன்றும் புதிது. மேலும், ஒரு பணிக்குரிய காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இதனைத் 'திட்டமிடல் பிழை' எனச் சுட்டினர். 1994இல் வெளியான ஆய்வொன்றில், தம் ஆய்வேட்டை ஏறத்தாழ 34 நாள்களில் முடிக்க இயலும் எனக் கணித்த மாணவர்கள், சராசரியாக 55 நாள்களுக்கு மேல் எடுத்துக்கொண்டனர்.

எனவே, ஊகத்தை விடுத்து அளந்தறிதல் வேண்டும். வயதாலும் கல்வியாலும் வேறுபட்ட சிலரிடம் முன்னோட்டம் நடத்தி, அவர்கள் ஐயம் கேட்டுத் தெளியும் நேரத்தையும் சேர்த்துக் குறித்தல் தகும். சராசரி மட்டும் போதாது. நால்வர் முறையே 10, 12, 14, 24 நிமிடங்கள் எடுத்தால் சராசரி 15 நிமிடங்கள். நான்காமவருக்கோ அவ்வறிவிப்புப் பொய்யாகிவிடும். '10 முதல் 25 நிமிடங்கள்' என்பதே நேர்மையான அறிவிப்பு.

உண்மையான நேரத்தைச் சொன்னால் பலர் பங்கேற்கத் தயங்குவர் என்பது சிலர் வாதம். ஆயினும், நேரம் நீள நீளப் பொறுமையிழந்தவர் பாதியில் விலகுவார். அல்லது ஏதோ ஒரு விடையைக் குறித்துவிட்டு எழுவார். அவ்விடைகளைக் கொண்டு எழுப்பப்படும் முடிவுகள் எவருக்கும் பயன்படா.