வேலனை விட்டால் வேறு வழியில்லையா?

நம் இலக்கியக் கூட்டங்களிலும் சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் அடிக்கடி எதிர்ப்படும் வாதம் ஒன்று உண்டு. உளவியல் ஆலோசனை என்பது மேற்கத்தியச் சரக்கு. நகரத்து மேல்தட்டினரின் சொகுசு. நம் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து பேசியே எல்லா மனக்குறைகளையும் ஆற்றிவிட்டார்கள். மெய்ப்பாட்டியல் கண்ட தொல்காப்பியரின் மண்ணுக்கு மனத்தைப் பற்றி எவரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. கைத்தட்டலுக்குக் குறைவில்லாத வாதம்தான். ஆனால் உறக்கமின்றித் தவிக்கும் ஒருவரை மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்பும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆகவே இதை வெறும் மேடைப்பேச்சு என்று விட்டுவிட முடியாது.

முதலில் தொல்காப்பியரை எடுத்துக்கொள்வோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அவர் வகுத்தார். உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படும் விதத்தைச் செய்யுளின் தேவைக்காக ஆராய்ந்த அரும்பணி அது. அதை மருத்துவ நூல் என்று அவர் எங்கும் உரிமை கொண்டாடவில்லை. இழப்பும் வறுமையும் அழுகைக்குக் காரணம் என்று அறிந்தவர், அழுபவரைத் தேற்றும் வழியையும் அறிந்தவராகிவிட மாட்டார். இந்நூற்பாக்களை வகுப்பில் நடத்தும் எனக்கு அவற்றின் அருமையும் தெரியும், எல்லையும் தெரியும்.

சங்க இலக்கியத்திலிருந்துதான் சான்று வேண்டும் என்றால், நண்பர்கள் வெறியாட்டுப் பாடல்களைப் படிக்கட்டும். மகள் உண்ணவில்லை, உறங்கவில்லை, மெலிந்துகொண்டே போகிறாள். தாய் என்ன செய்கிறாள்? கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். கழங்கு போட்டுப் பார்க்கிறாள். வேலனை வரவழைத்து மறி அறுத்து வெறியாட வைக்கிறாள். எல்லாரிடமும் கேட்கிறாள், மகளிடம் மட்டும் கேட்பதில்லை. உண்மை தோழிக்குத்தான் தெரிகிறது. ஏனெனில் அவள் உடனிருந்து கேட்டவள். நற்றிணையில் ஒரு தோழி, இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைத்ததற்காக வந்து நின்ற முருகனையே கடிந்துகொள்கிறாள். தவறான நோய்நாடலை இவ்வளவு துணிவாக எள்ளிய இலக்கியம் நம்முடையது. அதன் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? தோழியின் பக்கமா, வேலனின் பக்கமா?

வேலனின் பக்கம் நின்றதன் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழகம் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது. இரும்புச் சங்கிலிக்குச் சட்டம் வந்துவிட்டது. 'இதெல்லாம் ஒரு நோயா' என்கிற சொற்சங்கிலிக்கு எந்தச் சட்டமும் இல்லை.

ஏர்வாடியில் இருந்தவர்கள் கடும் மனநோய்க்கு ஆளானவர்கள். நான் முதன்மையாகப் பேச விரும்புவது அன்றாட மனத்துயரைப் பற்றி. திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன் தம் பெயரோடு சுமந்த ஊர் எங்கள் ஜலகண்டாபுரம். மேடையேறிப் பேயையும் மந்திரத்தையும் எள்ளிய தலைமுறை ஒன்று இங்கெல்லாம் இருந்தது. ஆயினும் பேயை விரட்டிய இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை. பாவு நூல் விலை ஏறி, கூலி ஏறாமல், முன்பணக் கடன் கழியாமல் தறிச் சத்தத்துக்குள் நாளைக் கழிக்கும் ஒருவர் தம் நிலையை எப்படிச் சொல்கிறார்? 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'ஒரே யோசனையா இருக்குதுங்க', 'நெஞ்சு படபடங்குது', 'தூக்கமே புடிக்கறதில்ல' என்கிறார். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரையும் உடல் வலிக்கு ஊசியும் கிடைக்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் வாக்குக் கேட்டுத் தாயத்துக் கட்டுகிறார்கள். அதுவும் போதாதபோது டாஸ்மாக் இருக்கிறது. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காக வளர்க்கப்பட்டுக் கல்லூரிக்கு வந்து சேரும் பிள்ளைக்கோ தன்னம்பிக்கைச் சொற்பொழிவு கிடைக்கிறது. வேலன் வேடம் மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் கணக்கைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழகத்தில் அவ்வாண்டு தற்கொலை செய்துகொண்டோர் 19,834 பேர். எண்ணிக்கையில் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் இவ்வாறு இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். 'சொகுசு' என்னும் வாதத்தை இதற்குப் பின்னும் சொல்ல மனம் வருமா? தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் குறை இருப்பதாகவும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது.

பாட்டிமார் வாதத்துக்கு வருவோம். பாட்டியின் மடி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மாமியாரால் அழும் மருமகள் அதே திண்ணையில் எதைச் சொல்ல முடிந்தது? திண்ணையில் சொன்னது மாலைக்குள் தெரு முழுவதும் பரவாமல் இருந்ததுண்டா? பாட்டிமாரை மெய்யாகவே நம்பிய நாடு ஒன்று இருக்கிறது. அது ஜிம்பாப்வே. டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006 முதல் அங்குள்ள முதிய பெண்களுக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சுகளில் அமர்த்தி, துயருற்றோரைக் கேட்க வைத்தார். மனச்சோர்வுக்கு நெருக்கமாக ஷோனா மொழியில் வழங்கும் சொல் 'குஃபுங்கிசிசா'. அளவுமீறி யோசித்தல் என்று பொருள். எங்கள் தறிக்காரரின் 'ஒரே யோசனை'யேதான்! 573 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மனச்சோர்வு நீடித்தது. பாட்டிமாரிடம் பேசியவர்களில் 14 சதவீதத்தினருக்கே நீடித்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் பாட்டிமாருக்குப் பயிற்சி இருந்தது, முறை இருந்தது, மேற்பார்வை இருந்தது, இரகசியம் காக்கும் கடப்பாடு இருந்தது. கேட்பது ஒரு தொழிற்கலை. பாவு பூட்டக் கற்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், மனம் கேட்கக் கற்க வேண்டியதில்லை என்று எப்படி நினைத்தோம்?

இன்னொரு எதிர்ப்பு வலுவானது; இடதுசாரி நண்பர்கள் எழுப்புவது. கடன்பட்டவனுக்கு வேண்டியது கடன் தீர்வு, ஆலோசனையா அவன் வட்டியைக் கட்டும் என்று கேட்கிறார்கள். கட்டாதுதான். கூலிக்கான போராட்டத்துக்கு ஆலோசனை மாற்றும் அன்று. ஆனால் இரண்டு மாதம் உறங்காதவனால் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது, கணக்குப் பார்க்க முடியாது, நாளைக்கு என்று ஒன்று இருப்பதையே நம்ப முடியாது. அவனை முதலில் உயிரோடு வைத்திருக்க வேண்டாமா?

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஆத்மாநாம் 1984இல் தம் 33ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்மரணத்தைக் கவிதையின் ஒளிவட்டமாக ஆக்கிக்கொண்ட சிற்றிதழ் உலகம், அவர் பட்ட நோயைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியது? காதுக்குள் ஓயாமல் ஒலித்த குரல்களோடு தாம் பட்ட பாட்டை எம். வி. வெங்கட்ராம் 'காதுகள்' நாவலாக்கினார். அதற்கு 1993இல் சாகித்திய அக்காதெமி விருதும் கிடைத்தது. நாம் அதை உத்தி என்றும் ஆன்மிகம் என்றும் விவாதித்தோம். ஒரு மனிதர் துன்புற்றார் என்பது விவாதத்தின் அடிக்குறிப்பாயிற்று. பித்து படைப்பின் ஊற்று என்று பேசுவது, பித்துப் பிடிக்காதவர்களுக்குச் சுலபம்.

மெய்யாகவே குறை சொல்ல வேண்டுமானால், சிகிச்சையைச் சொல்லாதீர்கள், அதன் பற்றாக்குறையைச் சொல்லுங்கள். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் முதன்முதலாகத் தொடங்கிய நான்கு மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று; ஆனால் சிற்றூர்க்காரருக்கு அத்திட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. எனினும் ஒரு நாள் கூலியை இழந்து தாரமங்கலம் வழியே பேருந்தேறிப் போக வேண்டும். மருந்து தருபவர் மனநல மருத்துவர், வாரந்தோறும் உட்கார்ந்து பேச்சின் வழியே சிகிச்சை தருபவர் உளவியலாளர் என்னும் எளிய வேறுபாட்டைக்கூட நம் இதழ்கள் மக்களுக்குச் சொன்னதில்லை. துயரமோ பதற்றமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து உறக்கத்தையும் உணவையும் வேலையையும் கெடுத்தால் அது சிகிச்சைக்கு உரியது என்பதையும், 2022 முதல் இயங்கும் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் எத்தனை இலக்கியக் கூட்டங்களில் அறிவித்திருக்கிறோம்?

சொல் நம் துறை. 'யோசனை ஓயவில்லை' என்பவரின் மொழிக்கும் மருத்துவரின் மொழிக்கும் நடுவே பாலம் கட்டும் வேலை தமிழ் படித்தவர்களுடையது. வட்டார வழக்கில் துயரத்துக்கு வழங்கும் சொற்களைத் திரட்டலாம். எளிய கையேடுகள் எழுதலாம். வட்டத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்று மனுப் போடலாம். இதில் எதையும் செய்யாமல் மெய்ப்பாட்டியலின் பெருமை பேசிக்கொண்டிருந்தால், வெறியாடும் களத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர்களாவோம். அந்தப் பந்தலில் அறுபடுவது ஆட்டுமறி மட்டும் அன்று.