நாற்பது பேருக்கு ஒரு குரல்

‘கொயரா? அது சர்ச் விவகாரமாச்சே!’ சேர்ந்து பாடுவது பற்றிப் பேச்செடுத்தால் சென்னையில் சங்கீத ரசிகர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. இரண்டாவது: ‘நம்ம சங்கீதத்துக்கு ஹார்மனியெல்லாம் ஒத்து வராது சார்.’

இரண்டுக்கும் இதே சென்னையில் 1970களின் தொடக்கத்திலேயே பதில் சொல்லியாகிவிட்டது. சொன்னவர் எம்.பி.சீனிவாசன். அவருடைய பதிலின் பெயர் மெட்ராஸ் யூத் கொயர்.

எம்.பி.எஸ். யார் என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். 1960ல் வந்த ‘பாதை தெரியுது பார்’ படத்தின் இசையமைப்பாளர். சினிமாவில் வாத்தியம் வாசிப்பவர்களுக்கு சங்கம் கட்டிய இடதுசாரி. 1961ல் ‘கால்பாடுகள்’ மலையாளப் படத்துக்காக யேசுதாஸை முதன்முதலில் ரெக்கார்டிங் மைக் முன்னால் நிறுத்தியவர். அப்பேர்ப்பட்ட ஒரு குரலை அறிமுகப்படுத்தியவர் நம்ம ஊர் வழக்கப்படி என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த யேசுதாஸைத் தேடிக் கிளம்பியிருக்க வேண்டும். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பாட்டைப் பிழைப்பாகக் கொள்ளாத இளைஞர்களைக் கூட்டி, பாரதி பாட்டையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் சேர்ந்து பாட வைத்தார். ஸ்டார் பாடகர் கிடையாது.

கொயரில் ஒரு பிரிவு மேலே ஒரு வரிசையைப் பாடும்போது இன்னொரு பிரிவு கீழே வேறொன்றைப் பாடும். பக்கத்தில் நிற்பவர் குரலைக் காதில் வாங்காமல் பாடினால் மொத்தமும் கெட்டது. நல்ல குரல் இருப்பவருக்கு அதை அடக்கத் தெரிய வேண்டும். நம் வித்வான்களுக்கு ஹார்மனி ஒத்து வராமல் போவதற்கு ராகத்தைவிட இதுதான் பெரிய காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

‘திருவையாற்றில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்துதானே பஞ்சரத்னம் பாடுகிறார்கள்?’ என்பீர்கள். பாடுகிறார்கள். எல்லாரும் ஒரே ஸ்வரத்தைப் பாடுவது வேறு. வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடி ஒன்றாக ஒலிப்பது வேறு. அங்கேயும் டி.வி. காமிரா முன்வரிசைப் பிரபலங்களை விட்டு லேசில் நகருவதில்லை.

எம்.பி.எஸ். 1988ல் லட்சத்தீவில் இறந்தார். கொயர் அவரோடு போய்விடவில்லை. டி.ராமச்சந்திரன் அதை ஏற்று நடத்தினார். ஒரே ஆளின் குரலை நம்பி நடந்த கச்சேரியாக இருந்திருந்தால் அன்றே மேடையைப் பிரித்திருப்பார்கள்.

நாம் இப்போது குழந்தைகளுக்கு என்ன சொல்லித் தருகிறோம்? ஏழு வயசுப் பிள்ளையைத் தனியாக மேடையில் நிறுத்தி, மார்க் போட்டு, ‘நீ அவுட்’ என்று அனுப்பி, அது அழுவதை க்ளோஸ்-அப்பில் காட்டுகிறோம். விளம்பர இடைவேளைக்கு அப்புறம் அம்மாவும் அழுகிறார். இதற்குப் பெயர் திறமையை வளர்ப்பதாம்! கூடப் பாடுகிற பிள்ளை தப்பு செய்ய மாட்டானா என்று காத்திருக்கப் பழகுகிற குழந்தைக்கு அவன் ஸ்ருதி எப்படிக் காதில் விழும்?

அரசுப் பள்ளியில் கொயர் தொடங்க வீணை வேண்டாம், கீபோர்டு வேண்டாம், ஏ.சி. ஹால் வேண்டாம். ஒரு வகுப்பில் நாற்பது தொண்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. சொல்லித்தரத் தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். வாரத்துக்கு ஒரு பீரியட் வேண்டும், அதுவும் கணக்கு வாத்தியார் வந்து கடன் கேட்காத பீரியட்.