கசிவு எங்கே என்று குழிக்குள் இறங்குகிறவரைக் கேளுங்கள்

விடுதியில் காலை ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர் நின்றுவிடும். குளியலறைக் கதவில் ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்’ என்று ஒட்டியிருக்கும். அதே வளாகத்தில் நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் குளிர்நீர் கொண்டுபோகும் குழாய் மண்ணுக்கடியில் எங்கோ கசிந்துகொண்டிருக்கும். நான் சில மாதம் போய்வந்த ஒரு கல்வி வளாகத்தில் கண்டது இது. பெயர் வேண்டாம். உங்கள் வளாகம் எப்படி என்று பாருங்கள்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர் கேட்டார்: “குழாய்க் கசிவில் சாதி எங்கே வந்தது?” சொல்கிறேன்.

மையக் குளிரூட்டலில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. ஒன்று கூலிங் டவரில் ஓடுவது. அது ஆவியாவதால்தான் வெப்பம் வெளியேறுகிறது, அதனால் அதற்குத் தினமும் புதுத் தண்ணீர் வேண்டும். இன்னொன்று சில்லரிலிருந்து கட்டடங்களுக்குப் போய்த் திரும்பும் குளிர்நீர். அது மூடிய சுற்று. நிரப்பிய தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றவேண்டும். அதற்குத் தினமும் நிறையத் தண்ணீர் விட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். அந்த வளாகத்தில் இரண்டுக்கும் ஒரே கணக்கு. ‘கூலிங்குக்கு இவ்வளவு போகும்’ என்ற ஒரு வரிக்குள் கசிவு ஒளிந்துகொண்டது.

நிமிடத்துக்கு 10 லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அப்படியானால் 261 பேருடைய தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. ஒரு சிறிய சேரியின் தண்ணீர் அது.

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. மூடிய சுற்றுக்குத் தண்ணீர் விடும் குழாயில் தனி மீட்டர் வைக்கலாம். ஒவ்வொரு கட்டடத்தின் வால்வாக மூடி, எந்தப் பகுதியில் அழுத்தம் இறங்குகிறது என்று பார்க்கலாம். குழாய் துருப்பிடிக்காமலிருக்கக் குளிர்நீரில் நைட்ரைட் போன்ற மருந்து கலப்பார்கள். குழியில் தேங்கியதில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் அது மழைநீரா குளிர்நீரா என்று துப்புக் கிடைத்துவிடும்.

நிர்வாகம் இதில் எதையும் செய்யவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களை வால்வுக் குழிக்குள் இறக்கியது. இறங்கியவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? அவர்களில் ஒரு அண்ணன் சொன்னார்: “பழைய பிளாக்குக்குப் பின்னாடி மண்ணு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும் தம்பி. சித்திரை வெயில்லயும் புல்லு பச்சையா நிக்கும். நாலு மாசமா பாக்குறேன்.”

“ஏண்ணே சொல்லல?”

“யாரு கேட்டா? சொன்னாலும் உன் வேலையப் பாருன்னுவாங்க.”

சாதி இங்கேதான் இருக்கிறது நண்பரே. உடம்பை மட்டும் வாங்கிக்கொண்டு அறிவை வாசலிலேயே நிறுத்திவிடுவதில் இருக்கிறது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆள் இறக்குவதையும் தடைசெய்கிறது. ‘இது ஏசி குழாய்க் குழிதானே’ என்று தப்பித்துக்கொள்கிறார்கள். மூடிக் கிடக்கும் குழியில் இரும்பு துருப்பிடிப்பதே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேலே எழுதியிருக்கும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நுரையீரல் மூச்சு விடுவதில்லை.

1927இல் மகத் குளத்தில் அண்ணல் இறங்கியபோதும் சரி, 2022இல் வேங்கைவயல் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோதும் சரி, தண்ணீர் யார் கையில் என்பதுதான் கேள்வி. குளிரூட்டிய அறைக்குள் அந்தக் கேள்வி சத்தமில்லாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

மாணவத் தோழர்களே, அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். குளிர்நீர்ச் சுற்றுக்குத் தனி மீட்டர் உண்டா, அதன் மாதக் கணக்கு என்ன? குழிக்குள் ஆள் இறங்குமுன் காற்றைச் சோதிக்கும் கருவி இருக்கிறதா? இறங்குகிறவர்களுக்கு என்ன கூலி, யார் பொறுப்பு?

அதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் வளாகத்தில் குழாய் வேலை பார்க்கும் அண்ணனிடம் போய் உட்கார்ந்து, எங்கே ஈரமாக இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தவர் பெயராக, அவர் சம்மதித்தால், அவர் பெயரையே எழுதுங்கள்.

ஜெய் பீம்!